பல்லும் தாடையும்: பாதியில் நிற்கக் கூடாத சிகிச்சை

(சுகாதாரத் திட்டமிடல் குறித்து மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பொதுச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் காசநோய், மலேரியா, தாய்சேய் நலம், குடிநீர் ஆகியவை முதலிடம் பெறுவது இயல்பு. பல்லையும் தாடையையும் பற்றிய பேச்சுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. எத்துப்பல், கோணல் பல் என்றால் அது அழகைப் பற்றிய கவலை என்றும், வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் கம்பி கட்டிச் சரிசெய்துகொள்ளும் சிறு குறை என்றும் கருதப்படுகிறது. பெரும்பாலான கோணல் பற்களைப் பொறுத்தவரை இக்கருத்தில் பெரிய பிழை இல்லை.

ஆனால் பற்களின் வரிசை பிறழ்ந்திருப்பது வேறு. அப்பற்களைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பே அளவிலும் அமைப்பிலும் பிறழ்ந்திருப்பது வேறு. முன்னதைக் கம்பியால் மட்டும் சரிசெய்துவிடலாம். பின்னதற்குக் கம்பியும் வேண்டும், அறுவையும் வேண்டும். இரு துறை மருத்துவர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் இணைந்து செய்ய வேண்டிய இச்சிகிச்சை, பாதியில் நின்றுபோனால் நோயாளியை முன்பிருந்த நிலையைக் காட்டிலும் மோசமான நிலையில் விட்டுவிடும். அரசின் உதவித் திட்டங்கள் இத்தகைய சிகிச்சையை எவ்வாறு அணுக வேண்டும் என்னும் வினா இதனால் எழுகிறது. மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய வினாவன்று இது, திட்டமிடுவோருக்கும் உரியது.

குறை எங்கே உள்ளது?

வாயை மூடும்போது மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தி அமைவதையே கடிப்பு என்கிறோம். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் கடிப்புக் குறைபாடுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். கடைவாய்ப் பற்கள் பொருந்தும் முறையை அடிப்படையாகக் கொண்ட அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. இரண்டாம் வகுப்பில் கீழ்வரிசை பின்தங்கி இருக்கும். மூன்றாம் வகுப்பில் கீழ்வரிசை முன்னேறி இருக்கும். இவையன்றி, கடைவாய்ப் பற்கள் மூடிய பின்னும் முன்பற்கள் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் குறையும், முகத்தின் ஒரு பக்கம் கோணியிருக்கும் குறையும் உண்டு.

இக்குறைகள் எலும்பைச் சார்ந்து கடுமையாக அமையும்போது வாழ்க்கையின் அன்றாடச் செயல்களே பாதிக்கப்படுகின்றன. முன்பற்கள் தொடாதவரால் சப்பாத்தியையோ பழத்தையோ கடித்துத் துண்டாக்க இயலாது. சில ஒலிகளைத் தெளிவாக ஒலிக்க முடியாது. உதடுகள் மூடாத நிலையில் வாயால் மூச்சு விடும் பழக்கம் படிகிறது. துருத்தி நிற்கும் மேல்பற்கள் சிறு விழுக்காட்டிலும் உடைந்துபோகின்றன. கீழ்த்தாடை மிகச் சிறுத்துப் பின்தங்கியவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, பகலெல்லாம் சோர்வு நீடிக்கலாம். பள்ளியில் கேலிப் பெயர், வேலைக்கான நேர்காணலில் தயக்கம், திருமணப் பேச்சில் தடை ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இந்திய நிலையில் இரு பிரிவினரைத் தனியே குறிப்பிடுதல் தகும். முதற்பிரிவினர் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவற்றோடு பிறந்தவர்கள். உலக அளவில் 1,000 முதல் 1,500 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இக்குறை காணப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் பிளவு தைத்து மூடப்படுகிறது. அந்தத் தழும்பே பின்னர் மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தக்கூடும். மேல்தாடை பின்தங்க, கீழ்த்தாடை முன்செல்ல, பருவ வயதில் முகத்தின் நடுப்பகுதி குழிந்து காணப்படும். இவர்களுள் கணிசமானோருக்கு வளர்ச்சி முடிந்தபின் தாடை அறுவை தேவைப்படுகிறது.

இரண்டாம் பிரிவினர், சிறு வயதில் மோவாயில் அடிபட்டதாலோ காதுப் பகுதியில் சீழ் பிடித்ததாலோ தாடை மூட்டு இறுகிப்போனவர்கள். வாய் திறவாமையே இவர்களின் முதல் துன்பம். மூட்டு அறுவையால் வாய் திறந்த பின்னும், வளராது நின்றுவிட்ட கீழ்த்தாடை அப்படியே இருக்கும். அதை முன்னுக்குக் கொணர்வது தனிச் சிகிச்சை. கீழே விழுந்த குழந்தையைக் காலத்தில் மருத்துவரிடம் கொண்டு செல்ல இயலாத குடும்பங்களிலேயே இக்குறை மிகுதியாகத் தங்கிவிடுகிறது. எனவே இதனை வசதி படைத்தோரின் கவலை என ஒதுக்கிவிட இயலாது.

இரு துறைகள் இணைந்த வரலாறு

தாடையை வெட்டி ஒழுங்குசெய்யும் அறுவையை முதன்முதலில் விவரித்து எழுதியவர் அமெரிக்காவின் வீலிங் நகரில் பணியாற்றிய சைமன் ஹல்லிஹென். ஆண்டு 1849. சிறுமியாக இருந்தபோது ஏற்பட்ட தீக்காயத்தின் தழும்பு கழுத்தை இழுத்துப் பிடித்ததால் கீழ்த்தாடை முன்நோக்கி நீண்டுவிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அவ்வறுவை செய்யப்பட்டது. 1890களின் இறுதியில் செயின்ட் லூயி நகரில் அறுவை மருத்துவர் வில்ரே பிளேர், முன்நீண்ட கீழ்த்தாடையைக் குறுக்கும் அறுவையைச் செய்தார். அதில் ஆங்கிளும் தொடர்பு கொண்டிருந்தார். பல் சீரமைப்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் கைகோத்த தொடக்கம் அது எனலாம்.

எனினும் அந்த உறவு உடனே வேரூன்றவில்லை. முகத்தின் வெளிப்புறத் தோலை வெட்டுவதால் விழும் தழும்பு, எலும்பு சரிவரக் கூடாமை, சீழ் பிடித்தல் ஆகியவை நெடுங்காலம் தடையாயின. 1957-இல் ரிச்சர்ட் டிரௌனரும் ஹூகோ ஓப்வேகெசரும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வுரை புதுவழி காட்டியது. வாயின் உட்புறமாகவே சென்று, கீழ்த்தாடையின் பின்பகுதியை மூங்கிலைப் பிளப்பது போல் நீளவாக்கில் இரு தகடுகளாகப் பிளந்து, பல்வரிசை உள்ள பகுதியை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தும் முறை அது. பிளந்த தகடுகள் அகலமாக ஒன்றின்மேல் ஒன்று படிவதால் எலும்பு எளிதில் கூடியது.

மேல்தாடையை முழுமையாகப் பிரித்து நகர்த்தினால் அதற்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுமோ என்னும் அச்சம் அறுவை மருத்துவர்களிடையே இருந்தது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் வில்லியம் பெல் குரங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள், அண்ணத்தின் மென்திசு வழியாக இரத்த ஓட்டம் காக்கப்படுவதை மெய்ப்பித்தன. பின்னர்ச் சிறு தகடுகளும் திருகுகளும் கொண்டு எலும்பை நிலைநிறுத்தும் முறை பரவியதால், வாயை வாரக்கணக்கில் கம்பியால் கட்டி வைக்கும் தேவை பெருமளவு குறைந்தது.

இவ்வளர்ச்சியினூடே ஒரு பாடம் தெளிவாயிற்று. பற்களை முன்கூட்டி ஒழுங்குசெய்யாமல் தாடையை மட்டும் நகர்த்தியபோது, முகம் திருந்தினாலும் பற்கள் பொருந்தவில்லை. பொருந்தாத கடிப்பு தாடையை மீண்டும் பழைய இடத்துக்கே தள்ளியது. 1970களில் கம்பிச் சிகிச்சையும் அறுவையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக இணைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

இந்தியாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர்கள் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 1965-இலும், வாய், முக, தாடை அறுவை மருத்துவர்களின் சங்கம் 1969-இலும் தோன்றின. இன்று நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகம், லக்னோவின் கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகம், மும்பையின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி போன்ற பொது நிறுவனங்களில் இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. ஆகவே இத்துறையில் நம் நாட்டின் குறை அறிவுக் குறையன்று.

சிகிச்சையின் படிகள்

இச்சிகிச்சை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, ஆய்வும் திட்டமும். பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தில் கோணங்களையும் தூரங்களையும் அளந்து குறை மேல்தாடையிலா, கீழ்த்தாடையிலா, இரண்டிலுமா என முடிவு செய்கின்றனர். அளவு மாறாமல் தலையை நிலைப்படுத்தி எடுக்கும் இப்பட முறை 1931 முதல் வழக்கில் உள்ளது. இப்போது முப்பரிமாணப் படமும் கணினியும் துணைபுரிகின்றன. வளர்ச்சி முடிந்துவிட்டதா என்பதையும் இங்கேயே உறுதி செய்ய வேண்டும். பொதுவாகப் பெண்களுக்கு 16, 17 வயதளவிலும், ஆண்களுக்கு 18 முதல் 20 வயதளவிலும் தாடை வளர்ச்சி ஓய்கிறது. முன்நீளும் கீழ்த்தாடை சிலரிடம் அதற்குப் பின்னும் வளரும். அவசரப்பட்டு அறுவை செய்தால், மீந்த வளர்ச்சி முழு உழைப்பையும் வீணாக்கிவிடும்.

இரண்டாவது படி, அறுவைக்கு முந்தைய கம்பிச் சிகிச்சை. இதற்கு ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் தேவை. மூன்றாவது, அறுவை. முழு மயக்க நிலையில் சில மணி நேரத்தில் முடியும். சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். சில வாரங்கள் நீர்ம உணவும் மென்உணவுமே கொள்ள வேண்டும். நான்காவது, அறுவைக்குப் பிந்தைய கம்பிச் சிகிச்சை. 6 மாதங்கள் முதல் ஓராண்டு வரை இதில் கடிப்பு நுட்பமாகப் பொருத்தப்படுகிறது. அதன்பின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கத் தாங்கு கருவி அணிய வேண்டும்.

இவற்றுள் பொதுமக்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அறுவை. காலத்தையும் பொறுமையையும் பெரிதும் விழுங்குவதோ கம்பிச் சிகிச்சை. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாத எந்த உதவித் திட்டமும் குறையுடையதாகவே அமையும்.

பாதியில் நின்றால்

இரண்டாம் படியில் நிகழ்வதைச் சற்று விளக்குதல் வேண்டும். கீழ்த்தாடை முன்நீண்ட ஒருவரின் வாயில், இயற்கை தன்னால் இயன்ற ஈடுசெய்தலைச் செய்திருக்கும். கீழ்முன்பற்கள் நாக்கின் பக்கமாக உள்ளே சாய்ந்திருக்கும். மேல்முன்பற்கள் உதட்டின் பக்கமாக வெளியே சாய்ந்திருக்கும். எலும்புகளுக்கிடையே உள்ள தூரத்தைப் பற்கள் சாய்ந்து ஓரளவு மறைத்துக்கொள்கின்றன. அந்த நிலையிலேயே தாடையைப் பின்னுக்குத் தள்ள முயன்றால், சாய்ந்த பற்கள் முதலில் மோதிக்கொள்ளும். தாடை போதிய தூரம் நகர இடமிராது.

ஆகவே பல் சீரமைப்பு மருத்துவர் முதலில் இந்த ஈடுசெய்தலை நீக்குகிறார். உள்ளே சாய்ந்த பற்களை நிமிர்த்துகிறார். வெளியே சாய்ந்தவற்றை உள்ளுக்கு இழுக்கிறார். எலும்பின் உண்மையான குறை முழுவதும் வெளிப்படும் வரை இது தொடரும். இதன் விளைவாக, அறுவைக்கு முந்தைய மாதங்களில் கடிப்பு முன்னைவிடக் கெட்டுப்போகும், மெல்லுவது கடினமாகும், முகக் குறை மேலும் எடுப்பாகத் தெரியும். சிகிச்சை பெறத் தொடங்கியவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார், ‘மருத்துவரிடம் போய்க் கெடுத்துக்கொண்டாயே’ என்று சொல்லும் காலம் இது. சிகிச்சை சரியான வழியில் செல்வதற்கு அதுவே அடையாளம். அறுவை நடந்தேறினால் எல்லாம் நேர்படும்.

அறுவை நடைபெறாவிட்டால்? பணமின்மை, அறுவைப் பட்டியலில் நீண்ட காத்திருப்பு, வேலை தேடி ஊர் மாறுதல், திருமணம், குடும்பத் தலைவரின் நோய் என இடைநிற்றலுக்குக் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஓராண்டுக்கும் மேல் செலவும் துன்பமும் பட்டு, தொடக்கத்தில் இருந்ததைவிடப் பொருந்தாத பற்களோடு நோயாளி நிற்கிறார். அணையைக் கட்டி வாய்க்கால் வெட்டாது விட்டால் பயன் கிடைக்காது, முதலீடு முடங்கும். இங்கே முதலீடு முடங்குவதோடு நில்லாமல் தீங்கும் விளைகிறது. ‘முழுமையாகத் தர இயலாவிட்டால் இயன்ற அளவாவது தருவோம்’ என்பது பொதுநலத் திட்டங்களில் நல்ல கொள்கையே. இச்சிகிச்சைக்கு அக்கொள்கை பொருந்தாது.

மூன்று இடைவெளிகள்

இவ்வளவையும் கருத்தில் கொண்டு நடைமுறையிலுள்ள ஏற்பாடுகளை நோக்கினால் மூன்று இடைவெளிகள் புலப்படுகின்றன.

முதலாவது, நாட்களின் இடைவெளி. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஏழைக் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் காப்பதில் இதன் பங்கு பெரிது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவும், வெளியேறிய பிந்தைய 15 நாட்களின் செலவும் இதில் அடங்கும். உள்நோயாளிச் சிகிச்சைக்கென வகுக்கப்பட்ட திட்டத்திற்கு இந்த வரையறை பொருத்தமானதே. தாடைச் சீரமைப்புக்கோ அறுவைக்கு முன் 12 முதல் 18 மாதங்களும், பின் 6 முதல் 12 மாதங்களும் வேண்டும். அறுவைக்கு எந்தத் திட்டத்தில் உதவி கிடைத்தாலும், கம்பிச் சிகிச்சை இவ்வரையறைக்கு வெளியேதான் நிற்கும்.

இரண்டாவது, வயதின் இடைவெளி. 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதித்துக் குறைகளைக் கண்டறிகிறது. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அதன் பட்டியலில் உள்ளன. பிளவை மூடும் முதல் அறுவைக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆற்றிவரும் பணி பாராட்டத்தக்கது. ஆனால் தாடை வளர்ச்சி ஓய்ந்து இறுதி அறுவைக்கு ஏற்ற காலம் வருவது அந்த 18 வயதை ஒட்டியே. குழந்தைப் பருவத்தில் கைப்பிடித்து அழைத்துவந்த ஏற்பாடு, சிகிச்சை நிறைவுபெற வேண்டிய வாயிலில் கையை விட்டுவிடுகிறது.

மூன்றாவது, தொலைவின் இடைவெளி. பல் மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை தனியார் துறையைச் சார்ந்தவை. கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், கேரளம் போன்ற மாநிலங்களில் அவை செறிந்துள்ளன. வடகிழக்குப் பகுதியிலும் மலை மாவட்டங்களிலும் வாழ்வோருக்கு இரு துறைகளும் உள்ள நிறுவனம் வெகு தொலைவு. ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 மாதக் கம்பிச் சிகிச்சைக்கு மாதம் ஒரு முறை வர வேண்டுமெனக் கொள்வோம். நிறுவனம் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 24 பயணங்களில் 4,800 கிலோமீட்டர் ஆகிறது. நாட்கூலி பெறுபவராயின் 24 நாள் ஊதியம் போகும். உடன் ஒருவர் வந்தால் அது இரட்டிக்கும். மருத்துவம் இலவசமாகவே கிடைத்தாலும் இச்செலவு குடும்பத்தின் மீதே விழுகிறது. அரசின் கணக்கேட்டில் இடம்பெறாத இச்செலவே பெரும்பாலும் இடைநிற்றலைத் தீர்மானிக்கிறது.

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிகிச்சையை முழுமையாக ஏற்றுக்கொண்டால் செலவு கட்டுக்கடங்காமல் போய்விடாதா என்று கேட்கலாம். ஜப்பானின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. அந்நாட்டுப் பொது மருத்துவக் காப்பீடு சாதாரணக் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டும் செலவை ஏற்பதில்லை. ஆனால் பிளவுக் குறையோடு பிறந்தவர்களின் பல் சீரமைப்பை 1982 முதலும், தாடை அறுவை தேவைப்படுவோரின் பல் சீரமைப்பை 1990 முதலும் ஏற்றுக்கொள்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் மட்டுமே இவ்வுதவி உண்டு.

ஜெர்மனியிலும் இதுவே நெறி. பெரியவர்களின் பல் சீரமைப்பைச் சட்டபூர்வக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அறுவையும் பல் சீரமைப்பும் இணைந்தே தீர வேண்டிய கடும் தாடைக் குறைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. கதவை அகலத் திறக்கவும் வேண்டாம், முற்றாக மூடவும் வேண்டாம். குறுகலாகத் திறந்து, உள்ளே வந்தவரை இறுதிவரை நடத்திச் செல்க என்பதே இந்நாடுகள் காட்டும் வழி.

யாரை உள்ளே அனுமதிப்பது என்பதற்கும் அளவுகோல் உண்டு. பிரிட்டனில் 2014-இல் வெளியிடப்பட்ட தேவைக் குறியீடு, தாடை அறுவை வேண்டி வருவோரை 5 படிகளாக வகுக்கிறது. தோற்றத்தை மட்டும் பாராமல், செயற்பாட்டுக் குறையின் அளவை அடிப்படையாகக் கொண்டது அது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பொதுப்பணமா என்னும் ஐயத்தை இத்தகைய அளவுகோல் நீக்கும்.

செய்யத்தக்கவை

இவற்றின் அடிப்படையில் சில நடவடிக்கைகளைச் சிந்திக்கலாம்.

உதவித் தொகையை அறுவை நாளுக்கென ஒதுக்காமல், முதல் கம்பி முதல் தாங்கு கருவி வரை ஒரே தொகுப்பாக ஒப்புதல் அளித்தல் வேண்டும். தொகையைப் படிப்படியாக வழங்கி, கடைசித் தவணையைச் சிகிச்சை நிறைவோடு இணைத்தால், நோயாளி வராமல் நின்றபோது அவரைத் தேடிச் செல்லும் ஆர்வம் நிறுவனத்துக்கும் உண்டாகும். அறுவைக்கான நாளும் நிதியும் உறுதியாகாமல் முதல் கம்பியைக் கட்டக் கூடாது என்பதை விதியாகவே கொள்ளலாம்.

18 வயதுக்கு முன்பே திட்டத்தில் பதிவு பெற்ற குழந்தைக்கு, சிகிச்சை முடியும் வரை வயது வரம்பைத் தளர்த்துதல் தகும். 2021 முதல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டுவரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் சுகாதார எண், பிறந்தபோது செய்த அறுவையின் குறிப்பையும் இருபது வயதில் எடுத்த படத்தையும் ஒரே பதிவேட்டில் வைக்க உதவும்.

தொலைவைக் குறைக்க, பெரிய நிறுவனத்தில் திட்டமும் அறுவையும், மாவட்ட மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் இடைக்காலக் கண்காணிப்பும் என வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். உதிர்ந்த கொக்கியை ஒட்டவும், ஈறு வீக்கத்தைக் கவனிக்கவும், வராதவர் யார் என்று கண்டறியவும் நிபுணர் தேவையில்லை. பயிற்சி பெற்ற பல் மருத்துவர் போதும். புற்றுநோய், தலசீமியா, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காகப் பயணம் செய்வோருக்கு ரயில்வே கட்டணச் சலுகை வழங்குகிறது. அதுபோன்ற சலுகையை இச்சிறு பிரிவினருக்கும் நீட்டிப்பது பெருஞ்சுமையாகாது.

மருத்துவ முறையிலேயே காலத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அறுவையை முதலில் செய்து, கம்பிச் சிகிச்சையைப் பின்னர் முடிக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் 2009-இல் விவரித்து எழுதினர். முகம் கெட்டுத் தோன்றும் முந்தைய மாதங்கள் இதில் தவிர்க்கப்படுகின்றன. மொத்தக் காலமும் குறையக்கூடும். எல்லாக் குறைகளுக்கும் இது ஏற்றதன்று. திட்டமிடுவதில் மிகுந்த திறமை வேண்டும். மேலும், முகம் திருந்தியதும் நோயாளி மனநிறைவு கொண்டு வராமல் நின்றுவிட்டால் கடிப்பு பொருந்தாமலே போகும். ஆகவே இம்முறையிலும் இறுதிவரை துணைநிற்கும் ஏற்பாடு தேவையே.

நோயாளியிடம் தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லுதலும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. கீழுதட்டில் சிலருக்கு உணர்வு மரத்துப்போகலாம். அது முழுமையாகத் திரும்பாமலும் இருக்கலாம். நகர்த்திய தாடை சிறிது பின்வாங்கலாம். இடையில் தோற்றம் கெடும். இவற்றை அவர்தம் தாய்மொழியில், பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு, படங்களின் துணையோடு விளக்க வேண்டும். முன்னரே அறிந்தவர் இடைவழியில் அஞ்சி நிற்கமாட்டார்.

எதை அளப்பது?

திட்டங்களின் வெற்றியை எண்ணிக்கையால் மதிப்பிடுவது நிர்வாக மரபு. எதை எண்ணுகிறோமோ அதுவே வளரும். செய்து முடித்த அறுவைகளை மட்டும் எண்ணினால் அறுவைகள் பெருகும். கம்பியோடு காத்திருப்போரும், அறுவைக்குப் பின் வராமல் போனோரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறார். தொடங்கியவர் எத்தனை பேர், அவர்களுள் முடித்தவர் எத்தனை பேர், முடிக்காதோர் எந்தப் படியில் எக்காரணத்தால் நின்றனர் என்னும் மூன்று விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். குறை எங்கே என்பது தானே விளங்கும்.

மாவட்ட அலுவலர்களுக்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உதவி வேண்டிவரும் மனுவில் ‘தாடை அறுவை’ என்னும் சொல்லைக் காணும்போது, கம்பிச் சிகிச்சை தொடங்கிவிட்டதா, எத்தனை மாதங்கள் ஆயின, பின் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களை அம்மனுவின் ஓரத்திலேயே எழுதிக் கேட்பது அக்கடமையின் தொடக்கம்.